அந்த அரை மணி நேரத்தை நம்பிப் புறப்பட்டேன்: விமானப் பயண நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு சிறிய விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று உங்கள் சேவை உடனே சொல்லிவிடுகிறது. போன மாதம் எனக்குச் சொன்னது: 400 கிலோமீட்டர், 30 நிமிடம்.

அப்பாவுக்கு அவசர அறுவை சிகிச்சை என்று தம்பி போன் செய்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். பார்த்ததை அப்படியே அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். "அரை மணி நேரம்தான்பா, வந்துடுவேன்." டிக்கெட் எடுக்கப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் விமானமே கிடையாது. எதிர்த்திசையில் இருக்கும் பெரிய நகரத்துக்குப் போய், அங்கே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து, விமானம் மாறிப் போய்ச் சேர ஒன்பது மணி நேரம் ஆனது. அதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தம்பி அவருடைய மூக்குக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். நர்ஸ் கழற்றச் சொன்னபோது, "மக வந்துடுவா, பார்த்துட்டுத் தர்றேன்" என்றாராம். இரண்டு முறை கேட்ட பிறகுதான் கொடுத்திருக்கிறார்.

அப்பா இப்போது நலம். அதனால்தான் இதைப் பொறுமையாக எழுத முடிகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். நேரடி விமானம் இல்லை என்றால், அதை அந்த நிமிடக் கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அந்த 30 நிமிடம் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பூமியின் வளைவையொட்டி இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தை, பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்திருக்கிறீர்கள். சிறிய நிலையங்கள் பலவற்றுக்கு வருவது ஏடிஆர் 72 போன்ற, காற்றாடி சுழலும் விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். அதே தூரத்துக்கு 48 நிமிடம். எதிர்க்காற்று 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர்) வேகத்தில் வீசினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வானில் சுற்றுவது எல்லாம் தனி. நேரடி விமானம் இருந்திருந்தாலும் நான் அரை மணியில் போயிருக்க முடியாது.

விமான நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சிறிய ஊரிலிருந்து பக்கத்துச் சிறிய ஊருக்குப் போகிறவரைக்கூடப் பெரிய நகரத்துக்கு இழுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆள் சேராது, கட்டாது என்கிறார்கள். சரி, அது அவர்கள் கணக்கு. ஆனால் இல்லாத விமானத்துக்கு நேரம் சொல்வது அவர்கள் இல்லையே, நீங்கள்தானே? அப்புறம், உங்களிடம் இப்படிப் பார்ப்பவர்கள் எல்லோரும் சுற்றுலா போகிறவர்கள் இல்லை. பலர் என்னைப் போல அவசரத்தில் இருப்பவர்கள்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். நேரடி விமானம் இல்லை என்றால் இல்லை என்று அங்கேயே போடுங்கள். விமானம் மாறிப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. இரண்டும் முடியாது என்றால், தயவுசெய்து அந்த 30 நிமிடத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயணி