மேடையில் தெரியாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கும், வந்து பார்த்தவர்களுக்கும்,

நாடகம் முடிந்து அரங்கையும் காலி செய்து கொடுத்தாயிற்று. கடைசி நாள் பெட்டி கட்டும் அவசரத்தில் யாரோடும் நின்று நாலு வார்த்தை பேச நேரம் வாய்க்கவில்லை. எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். கைத்தட்டல் வாங்கியது மேடையில் நின்ற நாங்கள். அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பலரை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

முதலில் இயக்குநருக்கு. ஒத்திகை தொடங்கிய புதிதில், "ஒரு தடவை நடித்துக் காட்டுங்கள் சார், பிடித்துக்கொள்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் அசையவே இல்லை. "நான் காட்டினால் நீ என்னை மாதிரி செய்வாய். அது எதற்கு? அவன் ஏன் கதவைச் சாத்துகிறான், அதை முதலில் சொல்லு" என்றீர்கள். சொல்லும்வரை அடுத்த வசனத்துக்குப் போக விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

தங்கையைச் சொத்துக்காக வீட்டைவிட்டுத் துரத்தும் அண்ணன் வேடம் எனக்கு. நாடகம் முழுக்க அவன் திரும்பத் திரும்பச் சொல்வது, "நான் என்ன செய்வது, சூழ்நிலை அப்படி" என்பதுதான். யோசித்துப் பார்த்தால் நடிகனுக்கு அவனைவிட நல்ல சாக்கு இருக்கிறது. பேசுவது எழுத்தாளர் எழுதியது, நிற்பது இயக்குநர் சொன்ன இடம். ஆனாலும் கதவைச் சாத்துவது என் கை. எவ்வளவு வேகமாகச் சாத்துவது, சாத்தும் முன் தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்ப்பதா வேண்டாமா, இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பிறந்த வீடு, வைத்த பெயர், பேசும் மொழி எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு செய்ததற்கு மட்டும் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. தனித்தன்மை என்பதைக் குரலிலும் நடையிலும் தேடும் பழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. இப்போது அதை இந்தச் சின்னச் சின்ன முடிவுகளில் தேடுகிறேன்.

தங்கையாக நடித்த அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் தலைமுடியைப் பிடித்து நான் இழுத்துப் போகும் காட்சியைப் பார்த்துப் பலர் பதறினார்கள். உண்மையில் என் கை வெறுமனே மூடிய கை. அவர் தலைமேல் அது சும்மா இருக்கும். அவர் இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைத் தன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, எங்கே போக வேண்டும், எப்போது விழ வேண்டும் என்பதைத் தானே நடத்துவார். நான் பின்னால் போகிறவன்தான். அடிபடுகிறவர் கையில் கட்டுப்பாடு இருப்பதுதான் மேடைச் சண்டையின் அடிப்படை. தினமும் நாடகத்துக்கு முன்னால், அலுக்காமல், அதை மெதுவாக ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் ஒப்பனைக்கு உட்கார்வார். அக்கா, நான் பயமில்லாமல் கொடியவனாக நடித்தது நீங்கள் தந்த தைரியத்தில்தான்.

லைட் பார்த்த தம்பிக்கும், இருட்டில் நாங்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் மினுங்கும் டேப் ஒட்டியவர்களுக்கும் நன்றி. ராத்திரி நேரம் கழித்து வந்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் கதவு திறந்த வீட்டாருக்கும்.

நடிகர்கள் மேடையில் கையாளும் சாமான்களை வைக்கும் பொருள் மேசையைப் பார்த்துக்கொண்டவருக்கு என்ன சொல்வது! மேசைமேல் காகிதம் விரித்து, சாவி, கடிதம், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருந்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் திரை விலகும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அவரவர் பொருளை அவரவர்தான் எடுக்க வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். 1897-இல் ரஷ்ய நாடகக் கலைஞர்களான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் மாஸ்கோவில் தொடங்கி 18 மணி நேரம் பேசித்தான் அடுத்த ஆண்டு தங்கள் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினார்கள். இன்று ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன் ஹேம்லட்டாக நிற்பவர் நாளை கூட்டத்தில் ஒருவராக நிற்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது அன்று அவர்கள் ஒப்புக்கொண்ட விஷயங்களில் ஒன்று. நாடகத்தில் எந்த வேலையும் சின்னது இல்லை என்ற அந்த எண்ணம், அந்த மேசை அருகே நின்று பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்புறம், காட்சி முடிந்து வந்து, "கடைசிக் கதவை ஏன் அவ்வளவு மெதுவாகச் சாத்தினீர்கள்?" என்று கேட்ட அம்மாவுக்கு. நன்றாக நடித்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அதைவிடப் பெரிது. அங்கேயே நின்று உங்களோடு அதைப் பேசியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த நாடகத்தில் எனக்கு வேடம் கிடையாது. பொருள் மேசையைப் பார்த்துக்கொள்ள நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். புதன்கிழமையிலிருந்து வேலை.

அன்புடன்,
உங்கள் அண்ணன் வேடக்காரன்