ட்ரிகரில் கட்டுக்கம்பி சுற்றாதீர்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் பாலங்களையும் மேல்நிலைத் தொட்டிகளையும் பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரர்களுக்கு,

வணக்கம்ங்க. உங்களில் சிலரிடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அதற்கு முன் நான்கு வருடம் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷின் பிடித்தேன். அதனால், பழுதான கான்கிரீட்டை உயர் அழுத்தத் தண்ணீரால் பெயர்த்தெடுக்கும் வாட்டர் ஜெட்டின் அருமை எனக்குத் தெரியும். பிரேக்கர் அடித்தால் மிச்சமிருக்கும் நல்ல கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் விழும், உள்ளிருக்கும் கம்பியும் அடிபடும். தண்ணீர் அப்படியில்லை. நுண்துளைகளுக்குள் புகுந்து உள்ளிருந்து நெம்பும். அமுக்கினால் தாங்குகிற கான்கிரீட், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் நைந்த இடம் கழன்று விழுந்துவிடும். கம்பி துரு போய்ப் பளிச்சென்று நிற்கும். இந்த வேலை நம் பக்கம் இன்னும் பெருக வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. நாம் அதைச் செய்கிற விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு பாலத்தடியில் நடந்தது. ஒடிசாப் பையன், இருபத்திரண்டு வயது. அவன் கையிலிருந்த, தண்ணீர் பீய்ச்சும் கன்னின் ட்ரிகரில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி முறுக்கியிருந்தது. கையை விட்டால் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகவே வைத்த விசை அது. சாரத்தில் கால் வழுக்கி, கன் கையை விட்டுப் போனது. தண்ணீர் நிற்கவில்லை. பம்பு ஓட்டுகிறவர் லாரிக்கு அந்தப் பக்கம் இருந்தார். சத்தம் போட்டும் கேட்கவில்லை.

அவன் கம்பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். குண்டூசி குத்தின மாதிரி ஓர் ஓட்டை. காலிலும் அவ்வளவுதான், ரத்தம்கூட அதிகம் இல்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு அனுப்பினார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கால் வீங்கித் தோல் பளபளத்தது, விரல் நுனி கறுத்திருந்தது. மறுநாள் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள்.

வண்டி கழுவுகிற பம்பின் அழுத்தம் சுமார் 100 பார். நம் பம்பு 1,000 பார், சில இடத்தில் 2,500 வரை போகும். 1,000 பாரிலேயே நாசிலை விட்டு வரும் தண்ணீர் நொடிக்கு 440 மீட்டர் ஓடும், சத்தத்தைவிட வேகம். வெளியே சின்னத் துளைதான் தெரியும். உள்ளே தண்ணீரும் சிமெண்டு சேறும் கிருமியும் தசை ஓரமாகவே வெகுதூரம் பரவியிருக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டரில் திறந்து கழுவ வேண்டிய காயம் அது. இதைப் பார்த்துப் பழகாத டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். வெளிநாட்டில் ஜெட் வேலைக்காரர்கள் சட்டைப்பையில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள்: இவர் உயர் அழுத்தத் தண்ணீரில் அடிபட்டவர், சாதாரணக் காயமாக நினைக்க வேண்டாம் என்று. நம் ஆட்களுக்கும் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்துக் கொடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போவது என்று வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

கம்பியைச் சுற்றியதற்காகப் பையனைத் திட்டினார்கள். ஏன் சுற்றினான் என்று யாரும் கேட்கவில்லை. 1,000 பாரில் நிமிடத்துக்கு இருபது லிட்டர் போனால் கன் பதினைந்து கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளும். அதைத் தாங்கிக்கொண்டே விரலையும் மடக்கி வைக்க வேண்டும், எட்டு மணி நேரம். கூலியோ சதுர மீட்டர் கணக்கு. கை ஓய்ந்தால் காசும் நின்றுபோகும். நாம் பேசிய அந்த ரேட்டுதான் அவனைச் சுற்ற வைத்தது. அன்று காலையில் அந்தக் கம்பியை நானும் பார்த்தேன். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

அதனால் கேட்கிறேன். கன் பிடிப்பவருக்கு நாள் கூலி கொடுங்கள். ஒரு கன்னுக்கு இரண்டு பேரைப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பரந்த தளத்துக்கு, ஆள் கையில் பிடிக்க வேண்டாத ஜெட் மெஷினை வாடகைக்கு எடுங்கள்; கைக் கன் மூலை முடுக்குக்குப் போதும். பம்பு ஓட்டுகிறவர் கன் பிடிப்பவரைக் கண்ணால் பார்க்கிற இடத்தில் நிற்கட்டும். பாதத்துக்கு மேல் இரும்புக் காப்பு வேண்டும், வெறும் கம்பூட் போதாது. ஹோஸில் கசிவு என்றால் கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு அப்புறம் பாருங்கள். இதையெல்லாம் ஒடியாவிலும் ஹிந்தியிலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும், நம் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது.

இன்னொன்று, ஓடிவரும் சேற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் காரம் மிகுந்தது, மீனைக் கொன்றுவிடும். பவானியிலும் நொய்யலிலும் விடாமல், தொட்டியில் தெளியவைத்துக் காரம் முறித்துதான் வெளியேற்ற வேண்டும். சாயத் தண்ணீரில் பட்டது போதும்.

அந்தப் பையன் ஊருக்குப் போய்விட்டான். போன வாரம் போனில் பேசினான். காலில் செருப்பு நிற்க மாட்டேன் என்கிறது அண்ணா, கயிறு போட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றான். அடுத்த சைட்டில் முதல் நாள் நீங்களே வாருங்கள். கன்னை உங்கள் கையில் வாங்கி, ட்ரிகரை விட்டால் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் அதை அடுத்த பையன் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சைட்டுகளில் வேலை பார்த்த ஒரு சூப்பர்வைசர்