எச்டிடிபி/3 சோதனையில் அளந்தது எதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்பியில்லா வலை நெறிமுறைகள் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையைப் படித்தோம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் பழைய பதிப்பான எச்டிடிபி/2, புதிய பதிப்பான எச்டிடிபி/3 இரண்டையும் கைப்பேசியில் ஒப்பிட்டு, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று அறிக்கை முடிகிறது. சோதனை நடந்த விதத்தைப் பார்த்தால் வேறு முடிவு வர வழியே இல்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பிரவுசர் தரவு முழுவதையும் அழித்துவிட்டு, பக்கம் திறக்கும் நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். கோளாறு அங்கேதான். ஒரு சர்வருக்கு எச்டிடிபி/3 தெரியும் என்பது பிரவுசருக்கு முன்கூட்டித் தெரியாது. முதலில் எச்டிடிபி/2 ஓடும் டிசிபி என்ற கடத்தல் முறை வழியாகப் போகும். எச்டிடிபி/3 உண்டு என்று சர்வரின் பதிலோடு வரும் 'ஆல்ட்-எஸ்விசி' ஹெடரைப் பார்த்த பிறகே, எச்டிடிபி/3 ஓடும் குயிக் என்ற கடத்தல் முறைக்கு மாறும். (தளத்தின் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸில் 'எச்டிடிபிஎஸ்' பதிவு இருந்தால் முதல் தடவையே மாறலாம், அப்படி ஒரு பதிவு இருந்ததாக அறிக்கையில் இல்லை.) ஆக, அட்டவணையின் இரு பக்கத்திலும் பெரும்பாலும் எச்டிடிபி/2 தான் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பட்டியலின் தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து 'புரோட்டோகால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே 'எச்2' அல்லது 'எச்3' என்று வரும். தரவை அழிக்காமல் 'டிசேபிள் கேச்' என்பதை மட்டும் டிக் செய்துவிட்டு, பழைய இணைப்பு மூடிய பின் மறுபடி திறக்க வேண்டும். எச்3 வந்த ஓட்டங்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போதும் எச்2 என்றே வந்தால், இடையில் ஏதோ ஒரு ஃபயர்வால் குயிக் பயணிக்கும் யுடிபி 443 போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். பிரவுசர் பிழை எதுவும் காட்டாது, சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பிவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய ஆதாயத்தையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று (சர்வர் வரை போய்வரும் பயணம்), மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.3க்கு இன்னொரு சுற்று: கோரிக்கை கிளம்புமுன் இரண்டு போய்விடும். குயிக்குக்கு ஒன்றே போதும். போய்வர 100 மில்லிவினாடி ஆகும் இணைப்பில் மிச்சம் 100 மில்லிவினாடி. அலைவரிசை எத்தனை மெகாபிட் என்பது இதில் வரவே வராது. அறிக்கையோ அதைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது.

பாக்கெட் இழப்பை, நெட்வொர்க் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் 'நெட்எம்' கருவி கொண்டு 2 சதவீதம் என்று வைத்ததும் பொருத்தமில்லை. வைஃபையும் எல்டிஇயும் தொலைந்த துண்டை ரேடியோ அடுக்கிலேயே மறுபடி அனுப்பிவிடும். மேலே வந்து சேரும்போது அது பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும், இழப்பாக அல்ல. அதற்காக நெட்எம்மில் 100 மில்லிவினாடித் தாமதத்துக்கு 50 மில்லிவினாடி ஏற்ற இறக்கம் என்று கொடுத்தால் அது வேறு வம்பு: பாக்கெட்டுகள் வரிசை மாறி வரும், இரண்டு நெறிமுறைகளுமே அதை இழப்பு என்று எண்ணி வேகத்தைக் குறைக்கக்கூடும். நடந்துகொண்டே பதிவு செய்த உண்மையான இணைப்பின் தடத்தை ஓட்டிப் பார்ப்பதே மேல். சராசரியை மட்டும் தராமல் இடைநிலை அளவையும் 95ஆம் சதமானத்தையும் (நூற்றில் 95 ஓட்டங்கள் அடங்கிவிடும் அளவு) தந்தால், வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவும் நேரத்தைச் சோதிக்காதது பெரிய குறை. ஐபி முகவரி மாறினால் டிசிபி இணைப்பு செத்துவிடும். குயிக்கில் இணைப்புக்கென்று தனி அடையாள எண் இருப்பதால் அது தொடர முடியும். ஆனால் சர்வருக்கு முன்னால் நின்று வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் ஐபியையும் போர்ட்டையும் மட்டும் பார்த்துப் பிரித்து அனுப்பினால், பாக்கெட் வேறு சர்வருக்குப் போய் அங்கே அறுந்துவிடும்.

பெட்டிச் செய்தியில் ஒரு திருத்தம். பழைய கைப்பேசிகளின் இணைய நெறிமுறையான வேப் 1.x காலத்தில் கைப்பேசி முதல் சர்வர் வரை முழுப் பாதையும் மறையாக்கத்தில் இருந்தது என்பது தவறு. கைப்பேசிக்கும் நடுவில் நின்ற கேட்வே கணினிக்கும் இடையே டபிள்யூடிஎல்எஸ் மறையாக்கம், அதற்கு அப்பால் சர்வர் வரை எஸ்எஸ்எல் மறையாக்கம். நடுவில் கேட்வேயின் நினைவகத்தில் செய்தி வெறும் எழுத்தாகக் கிடந்தது. 'வேப் இடைவெளி' என்று அப்போதே பேர் வாங்கிய குறை அது.

மறுசோதனை நடத்தினால் மூலத் தரவோடு சர்வர் மென்பொருளின் பதிப்பையும், நெரிசலுக்கு ஏற்ப அனுப்பும் வேகத்தை மாற்றும் நெரிசல் கட்டுப்பாட்டு முறை இரு பக்கமும் க்யூபிக்கா, பிபிஆரா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். ஒரு பக்கம் க்யூபிக், மறுபக்கம் பிபிஆர் என்றிருந்தால் அந்த எண்கள் எச்டிடிபியைப் பற்றியதாகவே இருக்காது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பொறியாளர்கள் இருவர்