அண்ணனுக்கு, அந்த ராத்திரி போனைப் பற்றி

அண்ணா,

ஆவணி வந்தால் அம்மா போய் ஏழு வருஷம். இந்த முறை திதிக்கு வருகிறேன். பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. போனில் சொன்னால் நீ "சரி" என்று வைத்துவிடுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் படிப்பார்கள், அங்கே என்னோடு இருந்த பையன்களும் படிப்பார்கள். பணம், நிலம், பதினாறாம் நாள் நான் கத்தியது, இதையெல்லாம் இங்கே இழுக்கமாட்டேன்.

உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் என்ன நடந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தெற்கு சூடான், மலக்கால், ஐ.நா. பணி. வெள்ளை நைல் பக்கத்தில்தான். மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. கரிசல் மண் அப்பினால் எது டயர், எது சேறு என்று தெரியாது. தண்ணீர் லாரி ஒன்றில் நாலாவது கியர் தானாக விலகி நியூட்ரலுக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது போட்டால் கரகரவென்று கடித்தது. ஆயிலை வடித்தேன். பாதிகூட இல்லை, இருந்ததிலும் பித்தளைத் தூள் மினுமினுத்தது. பின் சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. சேறு மூடியதால் கசிவு தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். உண்மை அதுவல்ல. ஆயில் அளவு பார்க்கிற லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டிய வாரத்தில் நான் பார்க்கவில்லை. ஓட்டத் தெரியாமல் ஓட்டினான் என்று டிரைவர் தம்பி திட்டு வாங்கினான். தம்பி, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள். தப்பு என்னுடையது.

வண்டிகள் நம் நாட்டிலிருந்து கொண்டுபோனவை, பராமரிப்பும் நம் பொறுப்பு. ஸ்பேர் கேட்டால் கப்பல், லாரி, நைல் ஆற்றில் பார்ஜ் என்று வந்து சேர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் முகாமுக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது? ஓரம் கட்டிய இன்னொரு வண்டியின் கியர் பாக்ஸையும் இறக்கி, இரண்டையும் பிரித்து ஒன்றாக்குவது என்று முடிவு செய்தேன். மரக்கட்டைகளை முக்காலியாகக் கட்டிச் செயின் பிளாக்கில் இறக்கினோம்.

கவுண்டர் ஷாப்ட்டின் பின் பேரிங் குழி விழுந்து போயிருந்தது. இரண்டாவது கியரைக் கடிக்காமல் விழ வைக்கிற சிங்க்ரோ ரிங்கைக் கோனில் அழுத்திப் பிடித்து அளந்தேன். இடைவெளியில் 0.3 மி.மீ. ஃபீலர் தகடுகூட நுழையவில்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. மற்றதிலிருந்து ரிங் எடுத்தேன், பேரிங் எடுத்தேன். பேரிங்கை நெய் டின்னில் ஆயில் ஊற்றிச் சூடாக்கினேன், அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டு. நீ சுத்தியலை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்த நாள் ஞாபகம் இருந்தது. சுட்ட பேரிங் ஷாப்ட்டில் தானாக வழுக்கி உட்கார்ந்தபோது யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் மூடிய பிறகு நியூட்ரலில் கையால் சுழன்றது. இரண்டாவது போட்டதும் மொத்தமும் பூட்டிக்கொண்டது. மூன்று முறை பிரித்தேன். அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன்.

அங்கே ராத்திரி எட்டு. அப்போது இரண்டரை மணி நேர வித்தியாசம், உனக்குப் பத்தரை. ஒன்பதுக்கே படுக்கிற ஆள் முதல் ரிங்கிலேயே எடுத்தாய். நான் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "பூட்டிக்கிச்சுண்ணா" என்றேன்.

நீ அவசரப்படவில்லை. எந்த கியரில், எந்த ராடு முதலில் கழற்றினாய், டாப் கவரைக் கவிழ்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். "செலக்டர் ராடுகளுக்கு நடுவே ஒரு சின்ன பின் இருக்குமே, எண்ணினாயா?" நான் எண்ணவில்லை. அந்தப் பின் இல்லாவிட்டால் கியரை மாற்றுகிற ராடுகளில் இரண்டு சேர்ந்து நகரும், இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழும், பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரிந்ததுதான். "அம்மாவோட அஞ்சறைப் பெட்டி மாதிரி எதிலயாவது வரிசையா போட்டு வைக்கத் தெரியாதா உனக்கு?" என்றாய். குரல் ஒரு மாதிரி ஆனது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் கிரீஸுக்குள் புதைந்து கிடந்தது பின். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம்.

நாலாம் நாள்தான் எனக்குச் சொன்னாய், எல்லாம் முடிந்த பிறகு.

அன்றைக்கே சொல்லியிருந்தாலும் ஹெலிகாப்டர் கிடைத்து, தலைநகர் ஜூபா போய், அங்கிருந்து விமானம் பிடித்து வந்து சேர்ந்திருக்க முடியாது, மழையில் ரன்வே கிடந்த நிலைக்கு. உன் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கைப் போட நீ யார்? போனை அம்மா காதில் வைத்திருக்கலாமே. ஒரு வார்த்தை பேசியிருப்பேன், பதில் வராவிட்டாலும். ஒரு பின்னைத் தேடித் தர நாற்பது நிமிஷம் இருந்தது உனக்கு. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அதே நாற்பது நிமிஷத்தில் நானும் கேட்டிருக்கலாம். பேச்சுக்கு நடுவே பின்னால் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. "ட்ராலி ஜாக்குக்குக் கிரீஸ் வைக்கக்கூடாதா?" என்றேன். "வைக்கிறேன்டா" என்றாய். வண்டி சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போனது என்று சொல்கிறவன் நான். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சத்தம் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் பட்டறையில் உனக்கு என்ன வேலை என்றும் தோன்றவில்லை. மன்னிப்பு கேட்பதென்றால் இதற்குத்தான் கேட்கிறேன், பதினாறாம் நாள் கத்தியதற்கு இல்லை. அதற்கு நேரில்.

அந்த லாரி ஓடியது. நான் திரும்பி வரும்வரை தினமும் தண்ணீர் கொண்டுவந்தது. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பட்டறையைக் காலி செய்கிறாய் என்று அண்ணி சொன்னார்கள். பிரஸ், புல்லர் எல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் கொடு, எனக்குப் பங்கு வேண்டாம். அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி, நீ ஸ்டீல் குண்டு, ஸ்பிரிங், பின் போட்டு வைக்கிறது, அதை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. உள்ளே இருப்பதைக் கொட்டவும் வேண்டாம். திதிக்கு முந்தின நாள் சாயங்காலம் வருகிறேன்.

தம்பி