மூன்றாம் எண் மேஜை

அன்புள்ள ராகவா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை, நீ நம்பமாட்டாய். அம்மாவுக்கு இப்போது தேவலை. முத்து உன் குடையை இன்னும் வைத்திருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாவம் செய்யப் பார்த்தேன்.

துணி மில்லில் டேட்டா மைனிங், அதாவது குவிந்த பதிவுகளைத் தோண்டிக் காரணம் தேடும் வேலை, செய்யப் போகிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, ஞாபகமிருக்கிறதா? தறி எண், பாவு (நீளவாக்கு நூல்), நூல் கவுண்ட் (நூலின் பருமன் எண்), ஈரப்பதம், ஷிப்ட் என்று எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொரு துணி ரோலும் செக்கிங்கில் வாங்கிய குறைப் புள்ளிகளோடு சேர்த்தேன். ஃபோர் பாயின்ட் முறை உனக்குத் தெரிந்திருக்காது: குறை 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4. ஒரு கஜத்தில் எத்தனை குறை இருந்தாலும் 4 புள்ளிக்கு மேல் போடுவதில்லை.

ரோல் நல்லதா கெட்டதா என்று கணிக்கும் முதல் மாடல் பிரமாதமாகத் தேறியது. குதித்தேன். அப்புறம் பார்த்தால், அது எல்லா ரோலையும் "நல்லது" என்றே சொல்லியிருக்கிறது! கெட்ட ரோல் கொஞ்சம்தானே, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நம் கணக்கு வாத்தியார் எல்லோருக்கும் பாஸ் போட்ட கதைதான்.

அதைச் சரிசெய்து, முடிவு மரம் போட்டேன்; நல்லதையும் கெட்டதையும் எது நன்றாகப் பிரிக்கிறதோ அது அதன் உச்சியில் வரும். ஈரப்பதம்தான் முதலில் வரும் என்று நினைத்தேன். காற்று காய்ந்தால் கஞ்சி போட்ட பாவு நூல் முறுகி அறும், தறி நின்று ஓடும் இடத்தில் கோடு விழும். ஆனால் மரத்தின் உச்சியில் வந்தது மூன்றாம் எண் செக்கிங் மேஜை. அங்கே போன ரோல்களுக்கெல்லாம் புள்ளி எகிறியிருந்தது. அந்த மேஜையில் துணி பார்ப்பது ஒரு அம்மா. மேலாளர் உடனே, "அந்த அம்மாவை வேறு வேலைக்கு மாற்றிவிடலாம்" என்றார். நானும் அறிக்கையில் பாதி எழுதிவிட்டேன், ராகவா.

ஏதோ உறுத்தியது. ரோல்களில் இருந்த புள்ளிச் சீட்டைக் கிழித்துவிட்டு, ஒரே ரோல்களை மூன்று மேஜைக்கும் சுற்றவிட்டேன். அந்த அம்மா குறித்த குறை ஒவ்வொன்றும் துணியில் இருந்தது. மற்ற இருவரும் அவற்றில் பாதியைப் பார்க்கவே இல்லை. நான் இத்தனை நாள் தோண்டியது துணியின் குறையை அல்ல, யார் கண் திறந்திருந்தது என்பதை. "நல்ல ரோல்" என்று பதிவானதில் எத்தனை உண்மையில் நல்லதோ!

இப்போது அவர் மேஜைக் கணக்கை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினேன். கதவோரத் தறிகளும் ஈரப்பதமும் மேலே வந்துவிட்டன. ஆனால் ரோல்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. நான் எதிர்பார்த்ததே வந்ததால்தான் எனக்குச் சந்தேகம். புள்ளியியல் படித்தவன் நீ, சொல்லடா, இதை நம்பலாமா?

அறிக்கையை இன்னும் கொடுக்கவில்லை. நேற்று அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "அந்த ட்யூப் லைட் மினுங்கிக்கொண்டே இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் சார்" என்றார்.

உன்
சேகர்