சைக்கிள் சங்கிலி கொடுத்த அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

கேப் வெர்டே தீவுகளில் இருக்கும் மிண்டெலோ துறைக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பாய்மரம் நேராக நிற்கிறது. முன்பாயின் கழியைத் தாங்க அதில் புதிதாகப் போட்ட அப்ஹால் கயிறு ஒரு நூல்கூடப் பிரியாமல் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் நலம். நங்கூரம் போட்ட கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன், தள்ளிப்போட்டால் மனதில் இருப்பது அப்படியே வராது.

கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறையில் அந்த வாரம் எங்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் மனம் விட்டு நன்றி சொல்ல எனக்குத் தமிழில்தான் வருகிறது.

"ஒரு கயிறுதானே, அதற்கா இவ்வளவு பாடு?" என்று ஊரிலிருந்து அக்கா கேட்டாள். அவளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கானரித் தீவுகளிலிருந்து தெற்கே இறங்கி, அப்புறம் மேற்கே கரீபியன் வரைக்கும் போகும் வழியில் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கமாகவே வீசும். பின்காற்றில் முன்பாய் ஒழுங்காக விரிந்து நிற்காது. பெரிய பாயின் மறைவில் சுருங்கும், படாரென்று விரியும், மறுபடி சுருங்கும். அதனால் பாயின் மூலையை ஒரு நீண்ட அலுமினியக் கழியால் வெளியே தள்ளி நிறுத்துவார்கள். அந்தக் கழிக்குப் பெயர் 'ஸ்பின்னக்கர் போல்' (pole). ஒரு முனை பாய்மரத்தில் மாட்டியிருக்கும், மறுமுனை கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மறுமுனையை மேலிருந்து தாங்குவது அப்ஹால். கீழே இழுத்துப் பிடிக்க ஒன்று, பின்னால் இழுத்துப் பிடிக்க ஒன்று என்று இன்னும் இரண்டு கயிறு உண்டு. இந்த மூன்றும் சரியாக இருந்தால், பாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழி தன் இடத்தில் அசையாமல் நிற்கும். மழையோடு பலத்த காற்று வந்தால் பாயை மட்டும் சுருட்டிக்கொள்ளலாம், இருட்டில் யாரும் முன்தளத்துக்கு ஓட வேண்டாம். இரண்டே பேர் ஓட்டும் படகில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கள் பாய்மரத்தில் அப்ஹால் கயிற்றுக்கு வழியே கிடையாது. ஹால்யார்ட் என்பது பாயை மேலே ஏற்றும் கயிறு. ஸ்பின்னக்கர் என்ற பெரிய முன்பாயின் ஹால்யார்டை வைத்துச் சமாளிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது உச்சியிலிருந்து, முன்பாய்க் கம்பிக்கும் முன்னால் இறங்குவது. நாள் கணக்கில் ஆடும் கடலில் உரசி உரசிக் கயிறும் நையும், பாயும் நையும். அதனால் பாய்மரத்தில் துளை போட்டே ஆக வேண்டும் என்று ஆனது. நவம்பரில் லாஸ் பால்மாஸ் துறை அட்லாண்டிக்கைக் கடக்கும் படகுகளால் நிரம்பி வழியும். ரிக்கிங், அதாவது பாய்மரம், கயிறு வேலை செய்பவர்களுக்கு நிமிரவே நேரமில்லை. வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம்.

மேலே ஏறியது நான். பாய்மரத்தின் இருபக்கமும் கைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ப்ரெடருக்குச் சற்று மேலே, முன்பக்கத்தில், கயிறு உருண்டு ஓடும் உருளைப் பெட்டி வைக்க ஒரு நீளத் துளை. கயிறு வெளியே வரக் கீழே, பக்கவாட்டில் இன்னொன்று. இரண்டு முனையிலும் வட்டமாகத் துளைத்து, இடையில் அறுத்து, அரத்தால் ராவி மூலைகளை உருட்டிவிட வேண்டும். கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அது நல்லபடியாக முடிந்தது. கயிறுதான் இறங்க மறுத்தது. பாய்மரத்துக்குள் ஹால்யார்டுகள், மின்கம்பிகள் போகும் குழாய், ஸ்ப்ரெடர் இருக்கும் உயரத்தில் குறுக்கே ஒரு தண்டு. அப்ஹாலை இழுத்துவர முதலில் ஒரு மெல்லிய கயிற்றை உள்ளே இறக்க வேண்டும். அதில் ஈயக் குண்டு கட்டி விட்டால் அந்தத் தண்டிலேயே உட்கார்ந்துகொண்டது. நட்டு கட்டி விட்டால் ஹால்யார்டில் சுற்றிக்கொண்டது.

சில படகு தள்ளி, ஒரு சின்ன இரும்புப் படகில் நார்வேக்கார அம்மா ஒருவர் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அதுவரை எங்களுக்குள் காலை வணக்கத்துக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. அவரிடம் ஒரு மடக்கு சைக்கிள் உண்டு. தினமும் விடியற்காலையில் அதில் ஏறி லாஸ் கான்டெராஸ் கடற்கரைக்கு நீந்தப் போவார். நான் மேலே தொங்கிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். மறுபடி வந்தபோது கையில் ஒரு சைக்கிள் சங்கிலி. தன் சைக்கிளிலிருந்தே கழற்றியது. அதையும் சும்மா கொண்டுவரவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருக்கும் எங்கள் கயிறுகளில் கறை பட்டுவிடக் கூடாதாம்.

சங்கிலி ஒல்லியானது, கனமானது, இடுக்குகளில் வளைந்து இறங்கக்கூடியது. ஹால்யார்டுகளை எல்லாம் முதலில் இறுக்கிக் கட்டச் சொன்னார், தொய்வாக இருந்தால் சங்கிலி அவற்றைச் சுற்றிக்கொள்ளும் என்று. அப்புறம் பாய்மரத்தடியில் உட்கார்ந்து அலுமினியத்தில் காதை வைத்தார். காற்று கம்பிகளில் ஊளையிட்டதால் கத்தினாலும் எனக்குக் கேட்காது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் இறக்கு. அந்தத் தட்டு பாய்மரம் வழியாக ஏறி வருவதை என் முழங்காலில் உணர்ந்தேன். சங்கிலி எதில் இடிக்கிறது, தண்டிலா, குழாயிலா, வெறும் சுவரிலா என்று சத்தத்தை வைத்தே நாடி பார்ப்பதுபோல் அவருக்குத் தெரிந்தது. தண்டில் மாட்டியபோது ஒரு தட்டு. நான் கொஞ்சம் தூக்கித் திருப்பினேன். இரண்டு தட்டு. கலகலவென்று இறங்கியது.

கீழ்த்துளை வந்ததும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாய்மரத்தின் வெளிப்பக்கம் வைத்து நகர்த்தினார். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது, உள்ளே இருக்கும் எஃகுச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டிக்கொண்டு துளைவாய்க்கு வந்ததை வளைத்த கம்பியால் வெளியே எடுத்தார். நான் மேலே தொங்கியபடியே அழுதுவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அடக்கி வைத்திருந்தது அது.

சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். நடுவழியில் கயிறு அறுந்தால் மறுபடி தேவைப்படும், உங்களிடமே இருக்கட்டும் என்றார். நாங்கள் கிளம்பிய அன்று விடியலில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கடற்கரைக்கு நடந்து போவதைப் பார்த்தேன்.

இங்கே வரும் வழியில் ஓர் இரவு. சுமார் 850 கடல்மைல் தூரத்தில் பாதி கடந்திருப்போம். என் காவல் நேரம், இவர் கீழே உறக்கத்தில். காற்று சட்டென்று 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) வேகத்துக்கு மேல் ஏறியது. இருந்த இடத்திலிருந்தே பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்தி முன்பாயைச் சுருட்டினேன். கழி மூன்று கயிற்றில் அப்படியே நின்றது. முன்தளத்துக்குப் போகவில்லை, இவரை எழுப்பவும் இல்லை. காற்று தணிந்ததும் பாயை மறுபடி விரித்துவிட்டேன்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கையால் படம் போட்டு அனுப்பிய தம்பி: பாய்மரத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளின் உயரத்திலேயே புதுத் துளை வந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும், தள்ளிப் போடுங்கள் அக்கா என்று நீ சொன்னதை அப்படியே செய்தோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் உப்புத் தண்ணீரில் அரித்துவிடும் என்றாயே, இடையில் பசையும் பூசினோம். மோனல் என்ற உலோகத்தாலான ரிவெட் அடிக்க நீளக் கைப்பிடிக் கருவியைத் தந்த பிரெஞ்சுத் தம்பதி, கயிறு சுற்றி என்னை மேலே ஏற்றும் வின்ச் உருளையில் முறை வைத்து நின்ற பக்கத்துப் படகுக்காரர்கள், கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைகள், உருளைப் பெட்டியைச் சவுத்தாம்ப்டனிலிருந்து கைப்பையில் தூக்கி வந்த நண்பர், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி எந்தத் துறையில் யார் பாய்மரத்தில் தொங்கினாலும், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க மாட்டேன். அடியில் போய் நிற்பேன். சங்கிலி கருவிப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது, கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பேன்.

கரீபியனுக்கு இன்னும் 2,000 கடல்மைலுக்கு மேல் இருக்கிறது, தண்ணீரும் காய்கறியும் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறோம். சவுத்தாம்ப்டன் நண்பரே, நீங்கள் அடுத்த வாரம் மறுபடி லாஸ் பால்மாஸ் போவதாகச் சொன்னீர்கள். அந்த அம்மாவின் சைக்கிளுக்குப் புதுச் சங்கிலி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். கண்ணிகளை எண்ணி உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இணைப்புக் கண்ணியும் சேர்த்து வாங்குங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார், நீங்களே மாட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.