வெள்ளியும் விண்மீன்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், மாணவர் பகுதியில், விண்மீனைக் குறிக்கும் சொற்களாக நட்சத்திரம், விண்மீன், உடு, தாரகை ஆகிய நான்கும் கட்டம் கட்டி வெளியிடப்பட்டிருந்தன. நான்கும் நல்ல சொற்களே. ஆயினும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எனக்கு, இரவில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவர் எவரும் இந்நான்கில் ஒன்றைச் சொல்லிக் கேட்ட நினைவில்லை. எங்களுக்கு அது வெள்ளி. அச்சொல் அந்தக் கட்டத்திற்குள் இடம்பெறாததைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன், தமிழ்ப்பள்ளியில் பயிலும் என் பேத்தி, கட்டுரை ஒன்றில் 'இருட்டியதும் வானமெங்கும் வெள்ளி பூத்தது' என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் 'வெள்ளி'யைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'நட்சத்திரம்' என்று எழுதியிருந்தார். "வெள்ளின்னா காசுதானே தாத்தா, நீங்க ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. ரிங்கிட் என்பது 1975இல் மலேசிய நாணயத்தின் அதிகாரப்பூர்வப் பெயரான பின்னரும், கடைக்காரரிடம் நாம் 'அஞ்சு வெள்ளி' என்றுதான் கொடுக்கிறோம். வெள்ளி நாணயம் புழங்கிய காலத்துச் சொல், தாளுக்கு மாறிய பின்னும் நம் நாவில் தங்கிவிட்டது.

வெண்மையைக் குறிக்கும் 'வெள்' என்னும் அடியிலிருந்தே உலோகமும், கோளும், கிழமையும் பெயர் பெற்றன. வெள்ளி தென்திசைக்கு ஓடினால் மழை பொய்க்கும் என்ற அச்சம் புறநானூற்றின் 117ஆம் பாடலிலேயே பதிவாகியிருக்கிறது. வெள்ளி கோள்தானே, அதை எப்படி விண்மீன் என்பது என்று அறிவியல் படித்தவர்கள் கேட்கலாம். பழந்தமிழர் கோள்களையும் மீன் என்றே அழைத்து, தேவைப்பட்டபோது நாள்மீன், கோள்மீன் என்று பிரித்துக்கொண்டனர். வெள்ளியே அவர்களுக்கு வெண்மீன், செவ்வாய் செம்மீன். பேச்சு வழக்கில் அந்தக் கோளின் பெயர் வானத்து ஒளிப்புள்ளிகள் அனைத்திற்கும் பரவியது எங்கள் தோட்டத்தில் மட்டும் நிகழ்ந்த பிழையன்று. இலங்கைத் தமிழர் வால்நட்சத்திரத்தை 'வால்வெள்ளி' என்றே எழுதுகின்றனர்.

என் தாயார் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியுமுன்பே எழுந்து சமைத்து, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போயாக வேண்டும். அடுப்பை மூட்டுவதற்கு முன் பின்கதவைத் திறந்து கிழக்கே பார்ப்பார். "வெள்ளி மொளச்சிருச்சி" என்பார். உடனே எங்கள் போர்வை உருவப்படும். ஆண்டு முழுவதும் அது விடிகாலையில் தெரியும் என்பதில்லை. சில வாரங்கள் மறைந்திருந்து, பிறகு அந்தியில் மேற்கே தோன்றும். அந்நாள்களில் பக்கத்து வீட்டுச் சேவலே எங்களுக்கு விடிவெள்ளி. அந்தியிலோ வேறொரு தொல்லை. ஒற்றை வெள்ளியைப் பார்த்தால் ஆகாது என்று, இரண்டாவது வெள்ளி கண்ணில் படும்வரை பாட்டி எங்களை வீட்டுக்குள் விடமாட்டார். மேகமூட்டமான நாளில் கொசுக்கடியோடு நின்ற எனக்கு, அச்சொல்லைப் பொருட்பிழை என்று ஒப்புக்கொள்வது கடினம்.

'நட்சத்திரம்' என்ற சொல்லுக்கு இன்று வேலைப்பளு அதிகம் என்பதும் என் கருத்து. தங்கள் நாளிதழிலேயே அது நடிகரையும், ஆட்டக்காரரையும், ஐந்து நட்சத்திர விடுதியையும், நம் கொடியில் 14 முனைகளோடு இருக்கும் சின்னத்தையும் சுமக்கிறது. கோயிலில் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டால், 27இல் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மலாய் அண்டைவீட்டார் ஒருமுறை பேத்தியிடம் அவளுடைய 'பிந்தாங்', அதாவது நட்சத்திரம், எது என்று விளையாட்டாகக் கேட்டார். அவர் கேட்டது பிறந்த மாதத்தையொட்டிய ராசியை, அவள் சொன்னதோ ரோகிணி. தாரகை மேடைக் கவிதையோடு நின்றுவிட்டது. உடுவோ, தொலைபேசியில் எல்லாரும் 'ஸ்டார்' என்று அழுத்தும் குறிக்கு, நூல்களில் மட்டும் வழங்கும் 'உடுக்குறி' என்ற பெயரில் பிழைத்திருக்கிறது. இவ்வளவுக்கும் கட்டத்தில் இடமிருக்கும்போது, தோட்டத்து மக்கள் அன்றாடம் வாயாரச் சொன்ன சொல்லுக்கு இல்லாமற் போனது வருத்தமளிக்கிறது.

தேர்வுத் தாளில் மாணவர்கள் 'விண்மீன்' என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அப்பட்டியலை மீண்டும் வெளியிடும்போது, வட்டார வழக்கு என்ற குறிப்போடாவது, 'வெள்ளி'யை ஐந்தாவதாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேத்தியின் கட்டுரை ஏட்டில், சிவப்பு மை பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வெட்டி ஒட்டுவதற்குப் பசையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.